சுவடி இருக்கிறது, ஆனால் வாசல் தாண்ட விடுவதில்லை: தீட்சிதர், சமணர் வீடுகளை எப்படி அணுகுவது?

கெடிலக்கரை (கேள்வி)

கடலூரில் நான்கு பேர் சேர்ந்து, வீடுகளில் கிடக்கும் ஓலைச்சுவடிகளைப் படமெடுத்து வைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். வாங்குவது, விற்பது கிடையாது. அரசுப் பணமும் இல்லை. பட்டியலில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, சிதம்பரம் தேர்வீதிகளைச் சுற்றியுள்ள தீட்சிதர் வீடுகள். இன்னொன்று, திண்டிவனம் செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் கிராமங்கள். இரண்டு பக்கமும் ஒரே பதில்தான்: "எங்ககிட்ட அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க." பரணில் கட்டுக்கட்டாக இருப்பது ஊருக்கே தெரியும்.

வற்புறுத்தும் எண்ணம் இல்லை. ஆனால் எதைக் கண்டு தயங்குகிறார்கள், யாரை முதலில் பார்க்க வேண்டும், உள்ளே விட்டால் என்னென்ன கூடாது, கருவி எது வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. பொத்தாம்பொதுவாக "மரியாதையாகப் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

---

வெள்ளாற்றங்கரை

சிதம்பரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சமணர் பக்கம் வேறு கணக்கு, அதை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

தீட்சிதர்கள் பிறப்பால் மூடிய குழு. திருமணம் தங்களுக்குள்தான். கல்யாணம் ஆன ஆணுக்குத்தான் நடராசர் சன்னிதியில் பூசை உரிமையும் கோயில் நிர்வாகத்தில் இடமும். ஆகவே நீங்கள் எவ்வளவு சைவ ஆசாரமாகப் போனாலும் வெளியாள்தான். அதை மாற்ற முயலாதீர்கள். திருநீறு பூசிக்கொண்டு போய்க் கும்பிட்டால் உள்ளாள் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்களை அவர்கள் நிறையப் பார்த்தாகிவிட்டது.

தயக்கத்துக்குக் காரணம் சாத்திரத்தில் இல்லை, வழக்குக் கட்டுகளில் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தை அரசு எடுப்பதா என்ற சண்டை 1951-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீட்சிதர்களுக்குச் சாதகமாக முடிந்தது. அவர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றது. 1987-ல் அரசு செயல் அலுவலரை நியமித்தது. 2009-ல் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2014 சனவரி 6-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மே மாதம் நடராசர் சன்னிதிக்கு முன்னுள்ள கனகசபை மேடையில் ஏறி வழிபடுவதற்கான அரசாணை, அடுத்த மாதமே கணக்குகளைப் பார்க்க அறநிலையத் துறைக் குழு வந்து ஒத்துழைப்புக் கிடைக்காமல் திரும்பியது. இப்படிப்பட்ட சண்டைகளில் பழைய காகிதங்களுக்குப் பெரிய மதிப்பு. யாருக்கு எந்த உரிமை, எந்தக் கட்டளை (பூசைக்கான அறக்கொடை) எவர் பெயரில் என்பதற்கெல்லாம் சாட்சி வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் கேமராவும் படிவமுமாக நான்கு பேர் போய் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அதனால் செய்ய வேண்டியது: படிவத்தில் "கணக்கெடுப்பு" என்று தலைப்புப் போடாதீர்கள். குடும்ப விவரம், சொத்து, கட்டளை எதையும் கேட்கும் கட்டம் அதில் இருக்கக் கூடாது. தனித்தனி வீடாகக் கதவு தட்டுவதை நிறுத்துங்கள். பொது தீட்சிதர்கள் என்பது அவர்கள் எல்லோருக்குமான சபை. அதற்கென்று ஒரு செயலாளர் உண்டு, முதல் கடிதம் அவருக்கு. ஒரு வீட்டுக்காரர் தனியாக ஒப்புக்கொண்டாலும் சபைக்குத் தெரியாமல் நடந்தால் பிறகு அவர் பதில் சொல்ல வேண்டிவரும், உங்களுக்கும் தெருவே அடைபடும். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை இரண்டுக்கும் முன்னும் பின்னும் போகாதீர்கள். சாதாரண நாளிலும் காலையில் மடியில் (பிறர் தொடக் கூடாத ஆசாரத்தில்) இருப்பவர் கிட்டே போய்க் கை நீட்டாதீர்கள். நடை சாத்திய பிற்பகல்தான் பேச ஏற்ற நேரம்.

பூசைப் பத்ததிச் சுவடியை (பூசை முறையைச் சொல்லும் நூல்)க் கேட்கவே கேட்காதீர்கள். அவர்கள் வழிபாடு பதஞ்சலி பத்ததிப்படி நடப்பது. மற்ற சிவன் கோயில்களின் ஆகம முறையிலிருந்து வேறுபட்டது. அது அவர்களுக்குள்ளேயே கைமாறுகிற விஷயம். இலக்கணம், சோதிடம், மருத்துவம், தலபுராணம், தோத்திரம் என்று தொடங்குங்கள்.

---

சித்தாமூர்ப்பாதை

சமணர் பக்கம் பிறப்பைவிட நடத்தைதான் வாசற்படி. நல்ல செய்தி என்னவென்றால் நடத்தை கற்றுக்கொள்ளக் கூடியது.

முதலில் மேல்சித்தாமூர் மடம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் அதுதான், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. மடத்தின் தலைவரான பட்டாரகரிடம் விவரம் சொல்லிவிட்டுக் கிராமத்துக்குப் போனால் "யார் அனுப்பினார்கள்?" என்ற முதல் கேள்விக்குப் பதில் இருக்கும். மடத்தின் சொல்லே எல்லா வீட்டையும் திறந்துவிடாது, ஊரில் சினாலயத்தை, அதாவது சமணக் கோயிலை, கவனித்துக்கொள்கிற பெரியவரையும் பார்க்க வேண்டும்.

தோல் பொருள் எதுவும் வேண்டாம். பெல்ட், பர்ஸ், கைக்கடிகாரப் பட்டை மூன்றும் எல்லோருக்கும் நினைவு வரும். கேமராப் பையின் தோல் கைப்பிடியும், கேமராவின் கழுத்துப் பட்டையில் தைத்த தோல் ஒட்டும் யாருக்கும் நினைவு வராது. தூசு தட்டும் தூரிகையும் அப்படித்தான்: பன்றி முடி, அணில் முடித் தூரிகை கொண்டு போகாதீர்கள், நைலான் போதும். சுவடியைச் சுற்றிக் கொடுக்கப் பட்டுத்துணி கொண்டு போய்ப் பெருமைப்படுவார்கள் சிலர். பட்டுப்பூச்சியைக் கொன்று எடுத்த நூல் அது. துவைத்த பருத்தித் துணிதான் சரி.

இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள். நீங்கள் ஆறு மணி வரை வேலை பார்த்தால் வீட்டுப் பெண்களின் சமையல், சாப்பாடு எல்லாம் தள்ளிப்போகும். விருந்தாளி இருக்கும்போது அதைச் சொல்லவும் மாட்டார்கள், அடுத்த முறை கதவு திறக்காது, அவ்வளவுதான். நாலரை மணிக்குக் கருவியைக் கட்டிவிடுங்கள். கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமென்றால் வாழைப்பழம். தேன் வேண்டாம், முட்டை சேர்ந்திருக்கக் கூடிய பேக்கரிச் சாமான் வேண்டாம், கிழங்கு வகை எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. கடலூர் என்று சொன்னதும் அப்பர் கல்லைக் கட்டிக் கடலில் விடப்பட்ட கதையும் கரையேறவிட்டகுப்பமும் உங்களுக்கு வாயில் வரும். அந்தக் கதையில் வில்லன் சமணர்கள்தான் என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் மன்னன் என்பது பெரியபுராணம். மதுரையில் சமணரைக் கழுவேற்றியதாகச் சொல்லும் கதையைப் பற்றி "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிற ஆட்கள் அதிகம், அவர்களால்தான் உங்களுக்கும் "ஒண்ணும் இல்லீங்க". அதற்குப் பதிலாக உலோக விபாகத்தைப் பேசுங்கள். சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458-ல், பாடலிகை என்ற ஊரில் சர்வநந்தி இயற்றிய சமண நூல். பாடலிகை திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கடலூர்க்காரர் அதைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்றால் பெரியவர்கள் திண்ணையில் இடம் தருவார்கள்.

போகும் நாள்: சாதுக்கள் ஒரே ஊரில் தங்கும் மழைக்கால சாதுர்மாசத்திலும், பாத்ரபத மாதத்துத் தசலட்சண நோன்பு நாட்களிலும் வீடுகளில் விரதம், பூசை என்று கை ஓயாது. சமணத்தின் திகம்பரப் பிரிவினருக்குச் சுருத பஞ்சமி என்று ஒரு நாள் உண்டு, வைகாசி ஆனி வாக்கில் வளர்பிறைப் பஞ்சமி. நூல்களை வெளியே எடுத்துத் துடைத்து, புதுத் துணி சுற்றி வழிபடும் நாள் அது. பரணிலிருந்து கட்டு இறங்குகிற சமயம் என்பதால் முன்கூட்டியே பேசி வையுங்கள். அன்றே கேமராவோடு போய் நிற்காதீர்கள், மறுநாள் போங்கள்.

---

முத்தியால்பேட்டை

கருவி விஷயத்துக்கு வருகிறேன். சுவடி வீட்டை விட்டு வெளியே போகாது என்பதை முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்படியென்றால் எல்லாக் கருவியும் ஒரு தாழ்வாரத்தில் அடங்க வேண்டும், அரை மணியில் விரிக்கவும் சுருட்டவும் முடிய வேண்டும்.

24 மெகாபிக்சல் கேமரா போதும். படத்தின் அகலம் 6000 புள்ளி. 40 செ.மீ. ஓலையை அகலம் முழுக்க நிரப்பி எடுத்தால் அங்குலத்துக்கு 380 புள்ளி கிடைக்கும். 50 செ.மீ. ஓலைக்கு 305. அதற்கு மேல் நீளமென்றால் இரண்டு பாதியாக, நடுவில் ஐந்து செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று வரும்படி எடுங்கள். 40 செ.மீ. அகலத்துக்குப் படத்தின் உயரம் 26 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். ஓலை மூன்று நாலு செ.மீ. அகலம்தான் என்பதால் ஒரே படத்தில் நான்கு ஏடு இடைவெளி விட்டு அடுக்கலாம், தெளிவு குறையாது. நூறு ஏட்டுக் கட்டு, இருநூறு பக்கம், ஐம்பது படம். கேமராவின் மூலக்கோப்பாகச் சேமித்தால் ஒன்றரை ஜிபி.

50 அல்லது 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100. கேமரா நேர்கீழே பார்க்கிற மாதிரி குறுக்குக் கை உள்ள முக்காலி. இரண்டு எல்இடி பலகை, இருபுறமும் 45 பாகை. சன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், மேகம் ஒன்று போனால் நிறம் மாறும். பேட்டரியில் ஓடும் விளக்கு வையுங்கள். அடுத்தவர் வீட்டு மின்சாரத்தை நாள் முழுக்க இழுப்பதும் ஒரு குறைதான். மின்விசிறி கட்டாயம் நிற்க வேண்டும், உளுத்த ஏடு பறந்தால் நொறுங்கும்.

மை ஏற்றாத ஓலையில்தான் சிக்கல். எழுத்தாணிக் கீறல் மட்டும் இருக்கும், இருபுற வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதை ஓலை மட்டத்துக்கு இறக்கி 20 பாகை அளவில் ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள், கீறலின் நிழலில் எழுத்து எழும்பும். படிக்க வேண்டும் என்பதற்காக விளக்குக் கரி பூசாதீர்கள். கேட்காமல் பூசினால் உறவு முடிந்தது.

ஏட்டைப் புரட்டும்போது நீளவாக்கு ஓரத்தைப் பிடித்துக் கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். புத்தகத் தாள் போல வலமிருந்து இடமாகத் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக வரும், துளையும் இடம் மாறித் தெரியும். இடது ஓரத்துத் தமிழ் எண்ணைப் பார்த்து வரிசையைச் சரிபாருங்கள். எண் மாறிக் கிடந்தால் மாறியபடியே எடுங்கள். நீங்களாக அடுக்கிக் கொடுத்தால், பிறகு ஒரு ஏடு காணவில்லை என்றால் பழி உங்கள் மேல். ஏட்டு எண்ணிக்கையை வீட்டுக்காரர் முன் எண்ணி, எழுதி, முடிந்ததும் மறுபடி எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்காதீர்கள். ஈரத்துணி வேண்டாம். எலுமிச்சைப்புல் எண்ணெய் போடச் சொன்னால் படம் எடுத்த பிறகு போடுங்கள், முன்னால் போட்டால் பளபளத்து எழுத்தை மறைக்கும். வண்ணம் தீட்டிய ஏட்டில் எண்ணெயே கூடாது. கயிறு அறுந்திருந்தால் பருத்தி நூல். நைலான் துளையை அறுத்துவிடும். இறுக்கிக் கட்டாதீர்கள்.

---

மஞ்சக்குப்பம்

இவ்வளவு குனிய வேண்டுமா? தேவாரச் சுவடியைச் சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டிவைத்து, "மூவரும் வந்தால் திறக்கிறோம்" என்றார்கள். திறந்து பார்த்தபோது கரையான் தின்றது போக மீதிதான் கிடைத்தது. இன்றைக்கும் அதே மனப்பான்மை. தமிழ்நாட்டுச் சொத்து இது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், மாவட்ட ஆட்சியரைப் பாருங்கள்.

---

வெள்ளாற்றங்கரை

அது திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதை. எழுதியவர் உமாபதி சிவம் என்பது மரபு. அவரே தில்லைவாழ் அந்தணர் குலத்தவர். மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டதால் சொந்தக் கூட்டமே ஒதுக்கிவைத்து, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்கிறார்கள். உள்ளாளுக்கே அந்தக் கதி. கரையான் வாதம் எனக்கும் ஏற்புதான், அதனால்தான் இந்த இழையில் எழுதுகிறேன்.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் பொது அதிகார அமைப்புகளுக்கு. தனியார் வீட்டுப் பரணுக்கு அல்ல. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று, இலக்கிய, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள். அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஓவியம் உள்ள சுவடிக்குத்தான் பதிவுக் கட்டாயம், வெறும் எழுத்துச் சுவடிக்கு இல்லை. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும்தான் குற்றம். இந்த நான்கு வரியைத் தமிழில் அச்சிட்டு வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். "அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போய்விடும்" என்ற பயத்தில்தான் பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் போனால் அந்தப் பயம் உறுதியாகி, கட்டுகள் வேறு ஊர் போய்ச் சேரும்.

கல்வெட்டு வேண்டுமென்றால் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். சிதம்பரம் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் அச்சாகியிருக்கின்றன.

---

வடலூரான்

சின்னச் சேர்க்கை. வள்ளலாரின் சத்திய ஞான சபையில் கொலை, புலை தவிர்த்தவர் மட்டும் உள்ளே புகலாம் என்று எழுதியே போட்டிருக்கிறது. சாதி, மதம் பார்க்காமல் புலாலை மட்டும் பார்க்கும் வாசல். சன்மார்க்க அன்பர் வீட்டுச் சுவடிக்கும் உங்கள் குழு போகும் என்றால், கேட்பதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள் யார் சைவம், யார் இல்லை என்று. பொய் சொல்லி உள்ளே போனது தெரிந்தால் அந்தக் குழுவோடு பேச்சே கிடையாது. அசைவர் வெளியே நின்று கணினி வேலையைப் பார்க்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

---

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். சமணர் வீட்டில் சுவடியில் உயிருள்ள பூச்சி இருந்தால்? கட்டு நடுவே நிலப் பத்திரம், கடன் ஓலை வந்தால்? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கிற நூலையே நாங்கள் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தால்?

---

சித்தாமூர்ப்பாதை

பூச்சி: அந்துருண்டை, புகைமூட்டம், உறைபெட்டி (ஃப்ரீசர்) எதையும் நீங்களாக எடுக்காதீர்கள், மூன்றும் கொல்வதுதான். நிழலில் வெள்ளைத் துணி விரித்து, ஏடு ஏடாக நைலான் தூரிகையால் மெல்லத் தள்ளி வெளியேற்றுங்கள். பிறகு வசம்புத் தூளைச் சிறு துணி முடிச்சாகக் கட்டோடு வையுங்கள், வேப்பிலையும் ஆகும். இவை விரட்டும், முட்டையை அழிக்காது. ஆகவே திரும்ப வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். இதனால்தான் பூச்சி உள்ள கட்டை வரிசையில் முதலில் படமெடுக்க வேண்டும்.

---

முத்தியால்பேட்டை

பத்திரம்: நீங்கள் தொடுவதற்கு முன் வீட்டுக்காரரே கட்டைப் பார்த்து, எடுக்கலாம் எடுக்கக் கூடாது என்று பிரிக்கட்டும். பலருக்குக் கிரந்தமோ பழந்தமிழ் எழுத்தோ படிக்க வராது; அப்போது உங்களில் படிக்கத் தெரிந்தவர் முதல் ஏடு, கடைசி ஏடு மட்டும் வாசித்துச் சொல்லலாம். நடுவில் பத்திரம் அகப்பட்டால் கேமராவிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் அவர் கண்முன் அட்டையிலும் கணினியிலும் அழியுங்கள், குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் சேர்த்து.

ஒப்புதல் தாள் ஒரே பக்கம், தமிழில், இரண்டு படி. என்ன எடுத்தோம், எத்தனை ஏடு, படம் யார் கையில் இருக்கும், வேறு யார் பார்க்கலாம், பின்னால் மறுத்தால் எத்தனை நாளில் நீக்குவோம். நூற்பெயர்ப் பட்டியலை வெளியிடுவதற்கும் படங்களை வெளியிடுவதற்கும் தனித்தனிக் கையெழுத்து. முதலாவதற்குச் சரி, இரண்டாவதற்கு வேண்டாம் என்பவர்களே அதிகம் இருப்பார்கள். அதுவே பெரிய லாபம், வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் படத்தொகுப்பையும் பென்டிரைவில் போட்டு அன்றே வீட்டில் கொடுத்துவிட வேண்டும், "அப்புறம் அனுப்புகிறோம்" கூடாது.

பிரெஞ்சு நிறுவனம்: 1955-ல் தொடங்கியது, ஓலைக்கட்டு மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி என்ற ஆய்வு நிறுவனத்தின் புதுச்சேரி மையத்துச் சுவடிகளையும் சேர்த்துச் சுமார் 11,000. இந்தச் சைவச் சுவடித் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது. சைவ ஆகமம், பத்ததி, தோத்திரம் பெரும்பாலும் அங்கே ஒத்துப்பார்க்கக் கிடைக்கும். தாளில் படியெடுத்த நூல்களும் ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். மூலம் கிடைக்காவிட்டால் படி போதும் என்பது அங்கேயே பழகிய வழிதான். நூலின் முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் கிடைத்தால் அவர்கள் பட்டியலோடு ஒப்பிடலாம். ஆகவே எந்த வீட்டிலும் முதல் நாள் அந்த நான்கு வரியை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். கேமராப் பை வண்டியிலேயே இருக்கட்டும்.